டிஸ்க் விமர்சனம்: ஒரு படத்தின் பிரதியை எப்படி எடை போடுவது?

ஒரு படம் திரையரங்குக்கு வரும்போது எழுதப்படும் விமர்சனம் எல்லோருக்கும் பழகியது. கதை எப்படி, நடிப்பு எப்படி, போகலாமா வேண்டாமா என்று சொல்லிவிட்டு முடிந்துவிடும். அதே படம் நாலு மாதம் கழித்தோ நாற்பது வருடம் கழித்தோ டிவிடியாகவோ ப்ளூ-ரேயாகவோ வரும்போது வேறொரு வகை விமர்சனம் எழுதப்படுகிறது. அதில் கதைக்கு ஒன்றிரண்டு பத்திதான். மீதியெல்லாம் இருட்டுக் காட்சியில் என்ன தெரிகிறது, வசனம் பின்னணி இசையில் மூழ்காமல் கேட்கிறதா, சப்டைட்டில் ஒழுங்காக வருகிறதா என்றே போகும். முதன்முதலாகப் படிப்பவருக்கு, படத்தைப் பற்றிப் பேசாமல் இதெல்லாம் எதற்கு என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு சால்வையைப் பார்க்கும் வரை.

எனக்கு மிகவும் பிடித்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. டிவிடியில் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு காட்சி: இரவு நேரம், ரயில் நிலையக் காத்திருப்பு அறை, பெஞ்சில் ஒரு கிழவர், பக்கத்தில் ஒரு லாந்தர் விளக்கு. டிவிடியில் அவர் போர்த்தியிருந்தது ஒரு சாம்பல் நிறத் திட்டு, அவ்வளவுதான். பிற்பாடு அந்தப் படத்தை நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்து ப்ளூ-ரேயாக வெளியிட்டார்கள். அதே காட்சி, அதே பெஞ்சு. இப்போது அந்தத் திட்டு ஒரு கம்பளிச் சால்வையாக இருந்தது. நெசவு தெரிந்தது. தோளுக்குக் கீழே ஒரு கிழிசல், அதை வெளிர் நூலால் இழுத்துத் தைத்திருந்த தையல்கூடத் தெரிந்தது. அவர் ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்தவர் என்று பிறகு ஒரு வசனம் வரும். அந்தத் தையல் அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. யாரோ யோசித்துத் தைத்த தையல் அது. யாரோ அதன்மேல் வெளிச்சம் விழும்படி விளக்கை வைத்திருக்கிறார்கள். டிவிடி அதை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கவே இல்லை.

டிஸ்க் விமர்சனத்தின் ஆதாரக் கேள்வி இதுதான்: படத்தை எடுத்தவர்கள் அதில் வைத்தது, பார்ப்பவரிடம் முழுதாக வந்து சேர்ந்ததா? படம் நல்ல படமா என்பது ஒரு கேள்வி, இந்தப் பிரதி நல்ல பிரதியா என்பது இன்னொரு கேள்வி. சுமாரான படத்துக்கு அருமையான டிஸ்க் வரும். மகத்தான படத்துக்குக் கண்கொண்டு பார்க்க முடியாத டிஸ்க்கும் வரும். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகச் சொல்லப் பழகுவதுதான் இந்த வேலையின் முதல் படி. ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள். பழைய டிவிடி அலமாரியில் இருக்கும். புதியதை வாங்கினால் வித்தியாசம் தெரியுமா என்பதுதான் அவர்கள் கேட்பது. இன்னும் படத்தையே பார்க்காதவருக்கு ஒரு பத்தி கதைச் சுருக்கமும், பிடிக்குமா பிடிக்காதா என்ற ஒரு கணிப்பும் போதும். முடிவைப் போட்டு உடைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த டிஸ்க்குகள் எங்கிருந்து வந்தன

1978-இல் அமெரிக்காவில் லேசர்டிஸ்க் விற்பனைக்கு வந்தது. தோசைக்கல் அகலத்தில், 30 சென்டிமீட்டர் குறுக்களவில் இருக்கும். வீட்டில் படம் பார்ப்பதை ஒரு தீவிரமான விஷயமாக ஆக்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1984-இல் கிரைட்டீரியன் நிறுவனம் பழைய 'கிங் காங்' படத்தை லேசர்டிஸ்க்கில் வெளியிட்டபோது, ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர் படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசிய ஒலித்தடம் ஒன்றையும் சேர்த்தார்கள். கமென்டரி என்று இன்று நாம் சொல்வது அங்கே தொடங்கியது. டிவிடி 1996 கடைசியில் ஜப்பானிலும் 1997-இல் அமெரிக்காவிலும் வந்தது. 2006-இல் ப்ளூ-ரே. அதனோடு மோதிய ஹெச்டி டிவிடி 2008-இல் கைவிடப்பட்டது. 2016-இல் 4கே அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே.

பார்வைக்கு டிவிடி, ப்ளூ-ரே, 4கே மூன்றும் ஒரே அளவுதான், 12 சென்டிமீட்டர். உள்ளே கொள்ளும் அளவுதான் வேறு. தடித்த பேனாவால் எழுதினால் ஒரு பக்கத்தில் பத்து வரி எழுதலாம், கூரிய பேனாவால் எழுதினால் ஐம்பது வரி எழுதலாம் இல்லையா? டிவிடியைப் படிக்கும் சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். ப்ளூ-ரேயின் நீல ஊதா லேசருக்கு 405. எழுத்து பொடியாகிவிட்டதால் டிவிடியில் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி பிடித்த இடத்தில், ப்ளூ-ரேயில் 25 ஜிபி பிடிக்கிறது. 4கே டிஸ்க் 100 ஜிபி வரை போகும். ஒரு ஃப்ரேமில் உள்ள புள்ளிகளை எண்ணினால் டிவிடியில் சுமார் 3.5 லட்சம், ப்ளூ-ரேயில் 20 லட்சத்துக்குச் சற்று அதிகம், 4கே-யில் 83 லட்சத்துக்குப் பக்கம். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும். டிவிடியை மதிப்பிடும்போது ப்ளூ-ரேயை எதிர்பார்க்காமல், ஒரு டிவிடி எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அதோடு ஒப்பிடத் தெரியும்.

ஆனால் புள்ளிகள் அதிகம் என்பதாலேயே படம் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் புள்ளிகளில் என்ன வந்து உட்கார்கிறது என்பதுதான் விஷயம்.

படத்தைப் பார்ப்பது

முதலில் விசாரிக்க வேண்டியது, டிஸ்க்குக்கான படம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது. கேமராவில் ஓடிய நெகட்டிவிலிருந்து எடுத்தால் விவரம் முழுமையாக இருக்கும். நெகட்டிவிலிருந்து எடுத்த நகல், அந்த நகலின் நகல், திரையரங்கில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் என்று தள்ளிப் போகப் போக விவரம் குறையும். ஸ்கேன் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். டிவிடிக்காகப் பல வருடங்களுக்கு முன் எடுத்த பழைய ஸ்கேனையே ப்ளூ-ரேயில் ஏற்றி, அட்டையை மட்டும் புதிதாக அச்சடித்து விற்பது உண்டு. அட்டையில் 'ரீமாஸ்டர்' என்று இருந்தால் அதை அப்படியே திருப்பி எழுதாமல், எதிலிருந்து, எப்போது, யார் மேற்பார்வையில் என்று தேடிப் பாருங்கள். நல்ல நிறுவனங்கள் இதை உள்ளே வரும் கையேட்டிலேயே அச்சிடுகின்றன.

அடுத்தது கிரெய்ன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஃபிலிமில் எடுத்த படத்தை நல்ல திரையில் பார்த்தால், பிம்பத்தின் மேல் பொடிமணல் அசைவது போல ஒரு துடிப்பு தெரியும். அது அழுக்கு இல்லை, டிஸ்க்கின் கோளாறும் இல்லை. ஃபிலிமில் பிம்பம் உண்டாவதே வெள்ளி உப்புத் துகள்களால்தான். முகமும் மரமும் மழையும் அந்தத் துகள்களால் ஆனவை. சில நிறுவனங்கள் படம் புதுசு போல இருக்கட்டும் என்று மென்பொருளால் இதைத் துடைத்துவிடுகின்றன. துகளைத் துடைக்கும்போது துகள் அளவுக்கே பொடியான எல்லாமும் சேர்ந்து போய்விடும்: தாடி முடி, துணியின் இழை, தோலின் சுருக்கம். மிஞ்சுவது மெழுகுப் பொம்மை. 1987-இல் வந்த 'பிரிடேட்டர்' படத்தின் 2010 ப்ளூ-ரே பதிப்பு இதற்கு இன்றைக்கும் காட்டப்படும் உதாரணம். காட்டில் வியர்த்து வழியும் மனிதர்களின் முகங்கள் அதில் வழவழவென்று இருக்கும்.

ஆரம்ப காலத்தில் நானே ஒரு டிஸ்க்கை 'கண்ணாடி மாதிரி துல்லியம்' என்று பாராட்டி எழுதியிருக்கிறேன். துளி கிரெய்ன் இல்லை, அவ்வளவு சுத்தம். பிறகு அதே படத்தின் வேறொரு பதிப்பைப் பார்க்கக் கிடைத்தது. நாயகி ஜன்னலோரம் நிற்கும் குளோசப்பில், வெயில் பட்டு அவள் கன்னத்துப் பூனைமுடி பொன்னிறமாக மின்னியது. நான் பாராட்டிய டிஸ்க்கில் அந்தக் கன்னம் பீங்கான். பழைய விமர்சனத்தைத் திருத்தி, ஏன் திருத்தினேன் என்றும் எழுதினேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: படம் 'சுத்தமாக' இருக்கிறது என்று தோன்றினால் உடனே முடியையும் துணியையும் பார்ப்பேன். முடி தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் சரி. பிசைந்த மாவு போல ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் எதையோ துடைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்மையாக்குவது. வானத்தின் பின்னணியில் ஒருவர் நிற்கும்போது அவர் தோளைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அதுதான். டிவிடி காலத்தில் இது மிகச் சாதாரணம். அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு கொண்டு விவரத்தைப் புதிதாக வரைந்து சேர்ப்பதும் தொடங்கிவிட்டது. 2024-இல் ஜேம்ஸ் கேமரூனின் 'ட்ரூ லைஸ்', 'ஏலியன்ஸ்' 4கே டிஸ்க்குகளைச் சுற்றி எழுந்த விவாதம் இதைப் பற்றியதுதான். இதில் என் நிலை தெளிவானது. நெகட்டிவில் இல்லாத சுருக்கத்தை ஒரு முகத்தில் கணினி வரைந்தால், அது அந்த நடிகரின் முகம் இல்லை. இயக்குநரே ஒப்புதல் தந்திருந்தாலும் விமர்சனத்தில் அதைச் சொல்லியாக வேண்டும்.

இயக்குநரின் ஒப்புதல் கடைசித் தீர்ப்பு அல்ல என்பதற்கு ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது. 1971-இல் வந்த 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தின் 2009 ப்ளூ-ரேயில் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் நிறங்களை அடியோடு மாற்றினார். அதன் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2012-இல் அசல் நிறத்துக்கு நெருக்கமாக வேறொரு ப்ளூ-ரே வந்தது. ஒரே படம், ஒரே நிறுவனம், மூன்று வருட இடைவெளியில் இரண்டு வேறு நிறம். எந்த ஆண்டுப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று விமர்சனத்தின் தலையிலேயே எழுதச் சொல்வது இதனால்தான்.

டிஸ்க்கில் அடங்குவதற்காகப் படத்தைச் சுருக்கும்போது வரும் கோளாறுகள் தனி. புகை, மழை, அலையடிக்கும் தண்ணீர், மங்கிய சுவர் இவற்றில்தான் அவை முதலில் தலைகாட்டும். புகை சதுரம் சதுரமாக உடையும். அந்தி வானம் படிக்கட்டு போல வரிவரியாகப் பிரியும். கறுப்புக் கோட்டும் பின்னாலிருக்கும் இருட்டும் ஒன்றாகிவிடும். டிவிடியில் படத்துக்கு நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட், ப்ளூ-ரேயில் 40 என்று வரம்பு இருக்கிறது. இணையத்தில் ஓடும் படம் பெரும்பாலும் ப்ளூ-ரே அளவுக்குத் தரவைச் செலவழிப்பதில்லை. ஆகவே ஒரே படத்தின் இணையப் பிரதியையும் டிஸ்க்கையும் ஒப்பிடும்போது வெளிச்சமான காட்சிகளில் நேரத்தைச் செலவழிக்காமல் நேராகப் புகைக்கும் இருட்டுக்கும் போய்விடுங்கள்.

சட்டகத்தின் அகலத்தையும் பார்க்க வேண்டும். திரைக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தால் படத்தை வெட்டிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அகலத்திரைப் படத்தை முழுதாகக் காட்டுவதால்தான் பட்டை வருகிறது. பழைய சதுரத் தொலைக்காட்சியை நிரப்புவதற்காக, அகலத்துக்கும் உயரத்துக்கும் 2.39:1 விகிதம் உள்ள படத்தை 4:3-க்கு வெட்டினால் கிட்டத்தட்ட 44 சதவீதப் படம் காணாமல் போகும். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் ஓரத்தில் தெரியும் பழைய டிவிடிகள் இப்படி உருவானவை.

படம் ஓடும் நேரமும் ஒரு தடயம். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை, பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் 25 ஃப்ரேமாக ஓட்டுவார்கள். 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி எதையும் வெட்டியிருக்க மாட்டார்கள், வேகம்தான் 4 சதவீதம் கூடியிருக்கும். குரல்களும் லேசாகக் கீச்சிடும். இது தெரியாமல் 'ஐந்து நிமிடம் வெட்டிவிட்டார்கள்' என்று எழுதினால், செய்யாத குற்றத்தை ஒருவர் மேல் சுமத்தியதாகிவிடும்.

4கே டிஸ்க்குகளில் வரும் ஹெச்டிஆர் பற்றி ஒரு வார்த்தை. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே உள்ள வீச்சைப் பெரிதாக்குவது அது. மெழுகுவத்தியின் சுடர் கண்ணில் படும்படி எரியும், அதே சமயம் மூலையில் இருக்கும் நாற்காலியும் தெரியும். புள்ளிகள் கூடியதைவிட இந்த மாற்றம்தான் சாதாரணப் பார்வைக்கே தெரியும். ஆனால் எல்லா விளக்குகளும் டார்ச் மாதிரிக் கண்ணைக் குத்தினால் அது படத்தின் ஒளியமைப்பைக் கெடுக்கிறது என்று தயங்காமல் எழுதலாம்.

ஒலியைக் கேட்பது

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். டால்பி டிஜிட்டல் ஒலியைச் சுருக்கும்போது கொஞ்சம் இழக்கும். டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் இழப்பில்லாதவை. இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதைக் காது சொல்லும். கிசுகிசுப்பு புரிகிறதா? வெடிச்சத்தம் வந்ததும் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறதா? அமைதியான காட்சியில் பின்னால் இரைச்சல் கேட்கிறதா? உதடும் குரலும் சேர்ந்து போகின்றனவா?

பழைய படங்களில் ஒரு விஷயத்தைத் தவறாமல் பாருங்கள். ஒற்றைத் தட ஒலியில், அதாவது மோனோவில் வந்த படத்தை, சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் 5.1-ஆக மாற்றி, அசல் மோனோவை விட்டுவிடுகிறார்கள். காலடி ஓசை, துப்பாக்கிச் சத்தம் எல்லாம் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கும். புதியது இருக்கட்டும், வேண்டியவர் கேட்கட்டும். பழையதும் கூடவே இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

சப்டைட்டிலைப் பற்றி விமர்சனங்களில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. வேற்றுமொழிப் படத்தைப் பார்ப்பவருக்கு சப்டைட்டில்தான் வசனம். காது கேளாதவருக்கு அதுதான் கதவு தட்டும் ஓசையும் தூரத்து இடியும். சில டிஸ்க்குகளில் அசல் மொழியை மொழிபெயர்க்காமல், ஆங்கில டப்பிங்கில் பேசியதையே எழுத்தாக ஓடவிடுவார்கள். கதாபாத்திரம் இரண்டு சொல் பேசும், கீழே இரண்டு வரி ஓடும். டப்பிங்கில் உதட்டசைவுக்காகச் சேர்த்ததெல்லாம் எழுத்தாக வந்துகொண்டிருக்கும். மொழி தெரியாவிட்டாலும் இந்த நீள வித்தியாசத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

தொடர்கள் வேறு கணக்கு

படத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். ஒரு தொடரின் சீசன் என்றால் பத்து, இருபது மணி நேரம். விமர்சிப்பவருக்கு வேலை அதிகம் என்பது மட்டுமில்லை, கேள்விகளும் வேறு.

முதல் கேள்வி வரிசை. 'ஃபயர்ஃப்ளை' தொடர் 2002-இல் ஒளிபரப்பானபோது எபிசோடுகள் முன்பின்னாகக் காட்டப்பட்டன. கதையைத் தொடங்கிவைக்கும் எபிசோட் கடைசியில் வந்தது. மூன்று எபிசோடுகள் ஒளிபரப்பாகவே இல்லை. 2003 டிவிடியில்தான் 14 எபிசோடுகளும் எடுத்தவர்கள் நினைத்த வரிசையில் கிடைத்தன. அந்தத் தொடரைப் பலர் உண்மையில் பார்த்ததே டிஸ்க்கில்தான்.

இரண்டாவது, பாட்டு. ஒளிபரப்புக்கு மட்டும் உரிமை வாங்கிய பாடலை டிஸ்க்கில் போடப் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வேறு இசையை ஒட்டிவிடுவார்கள். வானொலி நிலையம் ஒன்றைப் பற்றிய 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' தொடரின் முதல் சீசன் 2007-இல் டிவிடியாக வந்தபோது அதன் பாடல்களில் பெரும்பாலானவை மாற்றப்பட்டிருந்தன. பாட்டைச் சுற்றியே கதை நடக்கும் தொடருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! 2014-இல் வந்த முழுத் தொகுப்பில் பெரும்பகுதிப் பாடல்களை மீட்டுக் கொண்டுவந்தார்கள். இதை அட்டையில் யாரும் கொட்டை எழுத்தில் போட மாட்டார்கள். விமர்சனம்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, படத்தின் தரம் எங்கே நிற்கிறது என்பது. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987 முதல் 1994 வரை 35 மிமீ ஃபிலிமில் படமாக்கப்பட்டது. ஆனால் எடிட்டிங்கும் விண்வெளிக் காட்சிகளின் ஒட்டுவேலையும் வீடியோ டேப்பில் நடந்தன. டேப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதில் இல்லாத விவரம் வராது. எனவே 2012-இல் தொடங்கிய ப்ளூ-ரே வெளியீட்டுக்காகப் பழைய நெகட்டிவ் சுருள்களைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எபிசோடையும் பழைய எடிட்டிங்படி மறுபடி கோத்து, விண்கலக் காட்சிகளைத் திரும்ப ஒட்டினார்கள். ஏழு சீசனுக்கும் இதைச் செய்தார்கள். டிஸ்க் என்ற பொருளின் மேல் எனக்கு மரியாதை கூடிய இடம் அது.

'தி வயர்' தொடரின் கதை இன்னொரு மாதிரி. 4:3 சட்டகத்துக்காக எடுக்கப்பட்டதை 2014-இல் 16:9-க்கு அகலப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு ப்ளூ-ரே வந்தது. தொடரை உருவாக்கிய டேவிட் சைமனே, சில காட்சிகள் இதனால் மேம்பட்டிருக்கின்றன, சில இழந்திருக்கின்றன என்று எழுதினார். அகலமாக இருப்பதால் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாமல், காட்சி காட்சியாகப் பார்க்கும் இந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

இவை போக, அன்றாட விஷயங்கள். ஒரு டிஸ்க்கில் எத்தனை எபிசோட் அடைத்திருக்கிறார்கள்? இடம் போதாமல் திணித்தால் படம் கெடும். எல்லாவற்றையும் தொடர்ந்து ஓட்டும் வசதி உண்டா? விளம்பரத்துக்கு இடம் விட மறுஒளிபரப்பில் குறைத்த நீளத்தையே போட்டுவிட்டார்களா? மெனுவில் ஓடும் காட்சித்துண்டு சீசனின் முடிவைக் காட்டிக்கொடுக்கிறதா? கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தோன்றும். முதல் தடவை பார்ப்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்பதை அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

கூடுதலாக வருபவை

கமென்டரி, வெட்டிய காட்சிகள், உருவான விதம், பேட்டிகள், கையேடு. எண்ணிக்கையைப் பட்டியல் போட்டால் மட்டும் போதாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். 'அவரோடு வேலை செய்தது பெரும் பாக்கியம்' என்று எல்லோரும் மாறி மாறிச் சொல்லும் உப்புச் சப்பில்லாத இருபது நிமிட விளம்பரங்கள் நிறைய உண்டு. மறுபக்கம், சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகிப்போய், பல வருடம் கழித்து இத்தாலியின் போலோன்யா நகரில் அந்தக் கருகிய சுருள்களை நனைத்து இளக்கி, துண்டு துண்டாகப் பழுது பார்த்து மீட்ட கதை இருக்கிறது. 2015-இல் வந்த டிஸ்க் தொகுப்பில் அந்த வேலையைப் பார்த்துவிட்டுப் படத்தைப் போட்டால், ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு பரிசாகத் தெரியும். கூடுதல் அம்சம் என்பது இப்படிப் படத்தைப் பார்க்கும் கண்ணையே மாற்ற வேண்டும்.

எப்படி உட்கார்ந்து பார்ப்பது

முதலில் டிவியைச் சரி செய்யுங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த அமைப்பை மாற்றி சினிமா அமைப்புக்கோ, ஃபிலிம்மேக்கர் அமைப்புக்கோ கொண்டுவாருங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது இயங்கினால் எந்தப் படமும் நேரலை நிகழ்ச்சி மாதிரித் தெரியும், அந்தப் பழியை நீங்கள் டிஸ்க்கின் மேல் போட்டுவிடுவீர்கள். அறை விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கருவிகள் இருந்தே தீர வேண்டும் என்று இல்லை. உங்களிடம் இருப்பது என்ன என்பதை எழுதிவிட்டால் போதும். ஸ்பீக்கர் இரண்டுதான் என்றால் பின்பக்க ஒலியைப் பற்றித் தீர்ப்பு சொல்லாமல் விடுவது நேர்மை.

முதல் தடவை குறிப்பெடுக்காமல் படத்தைப் படமாகப் பாருங்கள். அப்போதே கண்ணை உறுத்தியது எதுவோ அதுதான் சாதாரணப் பார்வையாளரையும் உறுத்தும். அப்புறம் நோட்டும் பேனாவுமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டாவது தடவை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். '1:12:40, மாடிப்படி, சுவரில் சதுரங்கள்' என்று இருந்தால் படிப்பவர் தன் டிஸ்க்கில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஃப்ரேமை நிறுத்திப் பெரிதாக்கிக் குறை தேடுவதை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது தெரியாத குறை, குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அதற்கு ஒரு வரிக்கு மேல் தரக் கூடாது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். டிஸ்க்குக்கு அது பொருந்தாது. ஒரு தொடரின் ஐந்து டிஸ்க் தொகுப்பை வாங்கினேன். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏதோ தோன்றி மூன்றாவதைப் போட்டேன். இரண்டாம் எபிசோடின் பாதியில் படம் உறைந்தது, பிளேயருக்குள் லேசர் டிக் டிக்கென்று முன்னும் பின்னும் தேடியது. எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தேன். கீறல் எதுவும் இல்லை. விளிம்போரம் மட்டும் தேநீர்க்கறை போல மங்கலான ஒரு திட்டு, விரலால் துடைத்தாலும் போகவில்லை. உள்ளே, அடுக்குகளுக்கு நடுவில் இருந்தது அது. மாற்றுப் பிரதி கேட்டு எழுதினேன். வந்ததும் அதே இடத்தில் நின்றது. அதாவது என் பிரதி மட்டும் இல்லை, அச்சான ஒரு கட்டே அப்படி. முதல் இரண்டு டிஸ்க்கை நம்பி நான் நல்ல தொகுப்பு என்று எழுதியிருந்தால், அதை நம்பி எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்!

சில விமர்சகர்களுக்கு நிறுவனங்கள் வெளியீட்டுக்கு முன்பே சோதனைப் பிரதி அனுப்புவதுண்டு. அட்டையும் கையேடும் அதில் இருக்காது, இறுதிப் பிரதியோடு சில சமயம் வேறுபடும். இலவசமாக வந்தது, சோதனைப் பிரதி என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

மதிப்பெண் போடுவதாக இருந்தால் படம், காட்சித் தரம், ஒலி, கூடுதல் அம்சங்கள் என்று நான்கையும் தனித்தனியாகப் போடுங்கள். கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். அருமையான ஸ்கேனும், ஒரு பேட்டிகூட இல்லாத வெறும் டிஸ்க்கும் சேர்ந்து 'ஐந்துக்கு மூன்று' ஆகிவிட்டால், வாங்க நினைத்தவருக்கு அந்த எண் எதையும் சொல்லாது. டிஸ்க் உலகின் எந்தப் பகுதிப் பிளேயர்களில் ஓடும் என்று காட்டும் பிராந்தியக் குறியீட்டையும் கட்டாயம் எழுதுங்கள். டிவிடிக்கு எண்கள், ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுதாமல் விட்டால், ஆசையாக வாங்கியவரின் பிளேயர் அதை ஏற்க மறுத்துவிடும்.

தொடங்குவதற்குப் புதிய டிஸ்க் எதுவும் தேவையில்லை. அலமாரியில் இருப்பதில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு படத்தை எடுங்கள். இருட்டும் ஒரு முகமும் கொஞ்சம் பேச்சும் உள்ள மூன்று நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள். இரண்டையும் பற்றி ஐந்தைந்து வரி எழுதி, அந்தத் தாளை டிஸ்க்கின் அட்டைக்குள்ளேயே மடித்து வையுங்கள். அதே படம் வேறு பதிப்பில் கைக்கு வரும்போது முதலில் அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டு, அப்புறம் அதே மூன்று நிமிடத்தைப் போடுங்கள்.